மாஸ்ரருக்கு எந்தத் தளம்? முகநூலா, வட்ஸ்அப்பா, சொந்தப் பக்கமா

பழமைவாதி என்ற பெயரை யாழ்ப்பாணத்தில் யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள்தான் வைப்பார்கள், அதுவும் ஏசும்போது. எங்கள் வாசிகசாலைக்கு வருகிற மாஸ்ரர் மட்டும் வேறு மாதிரி. "ஓம், நான் பழமைவாதிதான். அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்புவார். ஞாயிறு காலையில் ரியூசனை நிற்பாட்டிப் பிள்ளைகளை அறநெறி வகுப்புக்கு விடவேண்டும், திருவிழாவுக்குச் சினிமாப் பாட்டுக் கோஷ்டி கூடாது, காணி விற்கிறவர் முதலில் பங்காளியிடம் கேட்கவேண்டும், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையைச் சொல்கிற தேசவழமைச் சட்டத்தில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. அவருடைய அரசியல் இவ்வளவுதான். இதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்கு நாங்கள் இருவரும் வாரத்தில் இரண்டு நாளாவது சண்டை பிடிப்போம்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று. மிஞ்சிய ஒன்று, முகநூல் நேரலைகளால் பெயரெடுத்த ஒரு வைத்தியரின் சுயேச்சைக் குழுவுக்கு. முடிவு வந்த கிழமை மாஸ்ரர் என் கடைக்கு வந்தார். நான் போன் திருத்துகிறவன். "தம்பி, எல்லாம் உந்தப் பெட்டிக்குள்ளதான் நடந்திருக்கு. நாங்களும் உதுக்குள்ள இறங்கவேணும்" என்றார். தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் அடிபட்டதை மறந்துவிட்டுப் போனைக் குற்றம் சொல்வது சுகமான வேலை என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. எங்கே இறங்குவது என்று மட்டும் கேட்டேன். "அதை நீதான் சொல்லவேணும்" என்றார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் பார்த்த கணக்கு.

முதல் தடவை கணக்குப் பார்க்காமலே இறங்கிவிட்டோம். எந்தத் தளம் என்பதை விட்டுவிடுவோம், தவறு தளத்துடையதல்ல. பக்கத்தைத் திறந்து, விளங்கினவன் என்று ஒரு பெடியனிடம் கொடுத்தோம். மாஸ்ரர் கொப்பியில் எழுதிக் கொடுப்பார், அவன் தட்டச்சுச் செய்து போடுவான். அறநெறி வகுப்பைப் பற்றிப் போட்ட கட்டுரைக்குப் பதினொரு லைக். சினிமாக் கோஷ்டியைப் பற்றிப் போட்டதற்கு முப்பது. பெடியனுக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் பண்ணைக் கடற்கரையில் குடைக்குக் கீழே இருந்த ஒரு சோடியின் படத்தை யாரோ அனுப்ப, "எங்கே போகிறது எங்கள் கலாசாரம்?" என்று ஒரு வரி சேர்த்துப் போட்டுவிட்டான். விடியும்போது நானூறு கருத்துக்கு மேல்.

மூன்றாம் நாள் பின்னேரம் படத்தில் இருந்த பிள்ளையின் தகப்பன் சைக்கிளில் வந்தார். வாசிகசாலை வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். பூட்டிய பிறகும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே வந்து கதிரையில் இருக்காமல், கண்ணாடி வெடித்த போனை மேசையில் வைத்து, "இதை எழுதினது ஆர்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. பெடியன் எழுதினான் என்று சொல்லியிருக்கலாம். மாஸ்ரர் எழும்பி, "என்ர பக்கம் ஐயா. என்ர பிழை" என்றார். அவர்கள் இருவரும் நிச்சயம் செய்யப்பட்ட பிள்ளைகள் என்று தகப்பன் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லவேண்டி வந்ததே என்பது போல நிலத்தைப் பார்த்தார். படத்தை அழித்தோம். நானூறு கருத்து எழுதினவர்களில் ஒருவர்கூட அந்த மேசைக்கு முன்னால் நிற்கவேண்டி வரவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தளத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது இரண்டாவது. கோபம் வந்தவர் யாரிடம் வந்து கேட்பார் என்பதுதான் முதலாவது. மரபைப் பேசுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். ஊருக்குள் மாஸ்ரரின் சொல் எடுபடுவது அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அவருடைய படலை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்.

முகம் தெரிந்து பேசினால் எல்லாம் நல்லதாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முன்வரிசையிலேயே நின்றார். அதுவும் மரபு என்ற பெயரில்தான். ஆனால் நின்றது யார் என்று தெரிந்தபடியால் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடிந்தது, அது அந்தக் காலத்தில் எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. பூப்படம் போட்ட கணக்கின் மேல் யார் வழக்குப் போடுவது?

சரி, தளங்களுக்கு வருவோம்.

முகநூலில் ஊரே இருக்கிறது. என் கடைக்கு வருகிற போன்களில் அது இல்லாத போன் அருமை. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற சொந்தக்காரரும் அங்கேதான். நோட்டீஸ் ஒட்டுவதற்கு இதைவிடச் சிறந்த சுவர் கிடையாது: செத்தவீடு, கும்பாபிஷேகம், இரத்ததானம். வாதத்துக்கு மட்டும் அந்தச் சுவர் ஆகாது. அதன் உள்வேலையைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். 2017இல் லைக்கை விட, கோபம், சிரிப்பு, கவலை போன்ற முகக்குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போட்டார்கள். கோபக்குறி அதிகம் விழுகிற பதிவுகளில் பொய்யும் தூஷணமும் அதிகம் என்று நிறுவனத்துக்குள்ளேயே கண்டுபிடித்து, 2020இல்தான் கோபத்தின் மதிப்பைப் பூச்சியமாக்கினார்கள். இதெல்லாம் 2021இல் உள்ளிருந்து வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. அறநெறி வகுப்புக்கு ஏன் பதினொன்று, பண்ணைப் படத்துக்கு ஏன் நானூறு என்று எங்கள் பெடியன் கேட்டானே, இதை வைத்தே அரைவாசிப் பதில் சொல்லிவிடலாம். கணக்குப் போடும் விதம் மாறியிருக்கலாம், கோபத்துக்குக் கூட்டம் கூடுகிற பழக்கம் மாறவில்லை.

இந்த நாட்டில் இது லைக் கணக்கோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, சிங்களத்தில் எழுதிய வெறுப்புப் பதிவுகள் முகநூலில் தடையில்லாமல் ஓடின. 2020 மே மாதத்தில் அந்த நிறுவனம் அதற்கு வருத்தம் தெரிவித்தது. எரித்தவர்களும் தங்கள் மரபையும் மதத்தையும் காக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். மாஸ்ரருக்கு இதை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முகநூலில் எங்களுக்கென்று தனியாக இன்னொரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தில் விடியக்காலை 2 மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் 4.30. வேலை முடிந்து பஸ்சில் இருக்கிற நேரம். எங்கள் பதிவுகளுக்குக் கீழே மிகச் சூடான வரிகள் விழுவது அந்த நேரத்தில்தான். 1986இலோ 1995இலோ ஊரைவிட்டுப் போனவருக்கு யாழ்ப்பாணம் அந்த வருடத்திலேயே நின்றுபோன மணிக்கூடு. மாஸ்ரரைவிடப் பெரிய பழமைவாதிகள் அங்கே இருக்கிறார்கள். மாஸ்ரராவது தன் பேத்தி ஜீன்ஸ் போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். குற்றமாகச் சொல்லவில்லை, தொலைவிலிருந்து பார்க்கிற பாசம் அப்படித்தான் இருக்கும். ஆனால் திருவிழாவுக்கு எந்தக் கோஷ்டியைப் பிடிப்பது என்று முடிவெடுக்கவேண்டியவர்கள் இங்கே நித்திரை கொள்ளும்போது, அங்கே வாக்கெடுப்பு முடிந்துவிடுகிறது.

அடுத்தது வட்ஸ்அப். வைபரையும் இதிலேயே சேர்க்கிறேன். வெளிநாட்டுச் சொந்தத்தோடு கதைக்க ஒரு காலத்தில் எல்லாரும் வைபர்தான், இப்போதும் வயதானவர்களின் போனில் அந்த ஊதாநிறம் கிடக்கும். குழு என்றால் ஆளையாள் தெரியும், இலக்கம் தெரியும். என் முதல் கேள்விக்கு நல்ல பதில். ஒரு வட்ஸ்அப் குழுவில் 1024 பேரைச் சேர்க்கலாம், எங்கள் குறிச்சிக்கு அது தாராளம். கஷ்டம் வேறு இடத்தில். காலை வணக்கம், முருகன் படம், "பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்", பிறகு யாரோ யாருக்கோ அனுப்பிய குரல்பதிவு. மாஸ்ரரின் இரண்டு பக்கக் கட்டுரை அதற்குள் போனால் கிணற்றில் போட்ட கல்தான். ஒரே செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2019இலும், பலமுறை கைமாறி வந்ததை ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இலும் கட்டுப்பாடு வந்தது. என்றாலும் வதந்தி நடந்தாவது ஊர்போய்ச் சேர்ந்துவிடுகிறது. இன்னொன்று, குழுவில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாரின் இலக்கமும் போகும். இளம் பெண்கள் ஊர்க்குழுக்களில் சேரத் தயங்குவது இதனால்தான், அந்தத் தயக்கம் நியாயமானது.

2023இல் வந்த சனல் என்கிற ஏற்பாடு இதற்குப் பரவாயில்லை. நிர்வாகி மட்டும் எழுதலாம், வாசிப்பவர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது, குறி போடலாம், பதில் எழுத முடியாது. விவாதம் நடக்காது என்பது குறை என்று எங்கள் நிர்வாகத்தின் செயலாளர் அக்கா சொன்னார். கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரின் விவாதங்களை எல்லாரையும்விட அதிகம் பார்த்தவர். "விவாதிக்க ஆசைப்படுறவை இஞ்ச வரட்டும், கதிரை இருக்குத்தானே" என்று மாஸ்ரர் சொன்னார். எனக்கு மாஸ்ரர் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

யூரியூப் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் சின்னது. ஆயிரம் சந்தாதாரர், வருடத்தில் 4000 மணித்தியாலம் பார்வை என்று வந்துவிட்டால் விளம்பரக் காசு வரும். காசு வரத் தொடங்கினால் தலைப்பு மாறும். "அதிர்ச்சி! யாழில் நடந்தது என்ன?" என்று மாஸ்ரரின் முகத்துக்கு மேல் சிவப்பு எழுத்தில் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். பழைய நாதஸ்வரக் கச்சேரிகளைப் பதிவுசெய்து சேமித்து வைக்க நல்ல இடம், அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரிக்ரொக்கைப் பற்றி மாஸ்ரரிடம் நான் வாயே திறக்கவில்லை.

எக்ஸ் என்று இப்போது பெயர் சூட்டியிருக்கிற ருவிற்றரில் யாழ்ப்பாணத்தார் மிகக் குறைவு. இருப்பவர்களும் கொழும்புக்கும் ஜெனிவாவுக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். எங்கள் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மாஸ்ரர் கேட்கிற கேள்வியை அமெரிக்கப் பழமைவாதிகள் எங்களுக்கு முன்னாலேயே, பெரிய அளவில், பெரிய காசோடு கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் குரலை அமுக்குகிறார்கள் என்பது அவர்களின் நெடுநாள் முறைப்பாடு. 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த பிறகு டொனால்ட் ட்ரம்பின் கணக்கை ருவிற்றரும் முகநூலும் மூடியபோது, பார்த்தீர்களா என்றார்கள். ஒரு நாட்டின் சனாதிபதியாக அப்போதும் இருந்தவரின் வாயைத் தனியார் கொம்பனி ஒன்று மூடலாமா என்ற கேள்வி லேசானதல்ல. மாவீரர் நாளுக்கு நவம்பர் மாதம் ஒரு படம் போட்டதற்காகக் கணக்கு முடங்குவதைப் பார்த்த தமிழருக்கு அந்தக் கோபம் புரியாமல் இருக்காது. மறுபக்கம், அதே 2021இல் ருவிற்றர் தன் சொந்த ஆய்வை வெளியிட்டது. ஏழு நாடுகளை எடுத்துப் பார்த்ததில், ஜேர்மனி தவிர்ந்த ஆறில், அதன் கணக்கிடும் முறை வலதுசாரி அரசியல்வாதிகளின் பதிவுகளைத்தான் இடதுசாரிகளுடையதைவிட அதிகம் தூக்கிக் காட்டியது. வாயை மூடுகிறார்கள் என்பதும் ஒலிபெருக்கி கொடுக்கிறார்கள் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆளை வெளியே தள்ளுவது ஒரு கை, கோபத்தைக் கூட்டி விற்பது இன்னொரு கை.

அவர்கள் எடுத்த வழிகள் மூன்று. ஒன்று, தனித் தளம் கட்டுவது. பார்லர் என்று ஒன்று 2018இல் வந்தது. 2021 ஜனவரியில் அப்பிளும் கூகிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட, அமேசன் தன் கணினிகளில் இடம் தர மறுக்க, ஒரு மாதம் போலக் காணாமல் போனது. சொந்த வீடு கட்டினார்கள், காணி வேறொருவருடையது. இரண்டாவது, 2022இல் வந்த ட்ரம்பின் ட்ரூத் சோசல். அது மஸ்ரடோன் என்ற, யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அங்கே போனால் எல்லாரும் ஒரே கட்சி, ஒருவரும் குறுக்கே கேட்கமாட்டார்கள். கோயில் மணியைத் தானே அடித்துத் தானே கேட்பது மாதிரி. மூன்றாவது வழி, தளத்தையே வாங்குவது. 2022 ஒக்டோபரில் ஈலோன் மஸ்க் 44 பில்லியன் டொலருக்கு ருவிற்றரை வாங்கினார், அடுத்த மாதம் ட்ரம்பின் கணக்கு திரும்பி வந்தது. மூன்றாவது வழிக்கு எங்கள் வாசிகசாலைப் பெட்டியில் காசு போதாது.

இதைக் கேட்டுவிட்டு மாஸ்ரர், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரிடம் போனார். அவர் எதிலிருந்தும் நாவலரிடம் போகக்கூடியவர். ஆனால் இந்த முறை பொருத்தமாகவே போனார். அமெரிக்க மிஷனுக்கு மானிப்பாயில் அச்சுக்கூடம் இருந்தது, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்துவிட்டது. நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், அச்சு என்ன செய்யும் என்று பக்கத்தில் நின்று கண்டவர். அதைச் சாத்தானின் யந்திரம் என்று அவர் சொல்லவில்லை. 1849இல் சென்னைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வைத்தார். "பழமைவாதிதான் புதுச் சாமானை முதல்ல வாங்கினவன்" என்பது மாஸ்ரரின் கட்சி. செயலாளர் அக்கா விடவில்லை. "வாங்கினவர்தான். சாதி விஷயத்தில அந்த அச்சுக்கூடம் எந்தப் பக்கம் நிண்டது எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ மாஸ்ரர்." மாஸ்ரர் பிளேன்ரீயைக் குடித்தார்.

இந்த விவாதத்தில் நாவலர் எனக்குச் சொன்னது வேறு. அவர் வாங்கியது யந்திரத்தை. மிஷன் அச்சுக்கூடத்தில் ஒரு மூலையைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இன்றைக்கு அதற்குச் சமமாக இருப்பது சொந்தமாக ஒரு இணையப் பக்கம். அதுவும் வாடகைக் கணினியில்தான் இருக்கும், பார்லரின் கதை எங்களுக்கும் பொருந்தும். ஆனால் கட்டுரைகளின் பிரதி எங்கள் கையில் இருக்கும், ஒரு கடைக்காரர் மறுத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். முகநூல் பக்கத்தை அப்படித் தூக்க முடியாது. இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முதல் இரண்டு தடவையும் நாட்கணக்கில், மூன்றாவது ஒரு நாள்கூட முழுதாக இல்லை. அந்த நேரங்களில் சாதாரண இணையப் பக்கங்கள் திறந்தன. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு எழுதுவதற்கு முன் இரண்டுதரம் வாசிக்கவேண்டும் என்பது எல்லாத் தளத்துக்கும் பொது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று பொய்யான கூற்று எது என்று பார்க்கும் என்றால், பெயர் போட்டு, ஆதாரம் சொல்லி எழுதுவதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

குறை என்னவென்றால், இணையப் பக்கத்துக்கு ஆட்கள் தானாக வரமாட்டார்கள். அதனால்தான் வட்ஸ்அப் சனல். கட்டுரை பக்கத்தில் இருக்கும், சனலில் நான்கு வரியும் இணைப்பும் போகும். முகநூலில் பக்கம் வைப்போம், நோட்டீசுக்கு மட்டும், கருத்துப் பகுதியை மூடி. ஒவ்வொரு கட்டுரையையும் ஏ4 தாளில் அடித்து வாசிகசாலைப் பலகையிலும் ஒட்டுவோம். பலகையை முன்மொழிந்தது நான்தான், போன் கடைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிர்வாகக் கூட்டத்தில் இதற்கு நான் கேட்ட நிபந்தனை மூன்று. எழுதினவரின் பெயர் கீழே இருக்கவேண்டும். தனியாள் ஒருவரின் படம் ஒருநாளும் போவதில்லை. மறுத்து எழுதுகிறவருக்கு அதே இடம், அதே அளவு எழுத்தில். மூன்றாவதுக்குத்தான் மாஸ்ரர் முரண்டு பிடித்தார். அதனால் முதல் கட்டுரையாகத் தேசவழமையையே எடுப்பது என்று முடிவானது. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த சட்டத்தை ஏன் தொடக்கூடாது என்று மாஸ்ரர் எழுதுவார். கட்டிய பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்கக்கூட புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது, அந்தச் சம்மதக் கடிதத்துக்காக வெளிநாட்டில் காணாமல்போன புருஷனைத் தேடித்திரிந்த பெண்களைத் தன் கந்தோரில் கண்டிருக்கிறேன் என்று செயலாளர் அக்கா எழுதுவார். இரண்டும் ஒரே நாளில் பலகைக்குப் போகும்.

பெயர் பதிவு செய்யும்போது ஒரு சின்ன இழுபறி. தமிழ் எழுத்திலேயே முகவரி எடுக்கலாம், 2010இலிருந்து டொட் இலங்கை என்று கிடைக்கிறது என்றேன். "டொட் ஈழம் இல்லையோ?" என்று பொருளாளர் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மாஸ்ரர், "தமிழ் எழுத்துத்தானே, எடு" என்றார். வருடாந்தக் காசை யார் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. பண்ணைப் படத்தைப் போட்ட பெடியன் தான் கட்டுகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். காசை வாங்குவதா, அவனைக் கூப்பிட்டுத் தட்டச்சு வேலையையும் திரும்பக் கொடுப்பதா என்று வெள்ளிக்கிழமை கூடிப் பார்க்க இருக்கிறோம்.